பைபோலார் இருக்கிறது என்று இன்டர்வியூவிலேயே சொன்னவரை வேலைக்கு எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் கூட்டாளியும் ஒரு சின்ன கணக்கு அலுவலகம் நடத்துகிறோம். சீனியர் அக்கவுண்டன்ட் இடத்துக்கு ஆள் தேடினோம். வந்தவர்களில் ஒருவர் மற்ற எல்லோரையும்விடத் தெளிவு. வேண்டுமென்றே தப்பாகப் போட்ட ஒரு பேங்க் ரீகன்சிலியேஷனை (பேங்க் கணக்கையும் நம் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் தாள்) அவரிடம் கொடுத்தேன். எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது, போன மாதக் கணக்கிலும் இதே தப்பு உட்கார்ந்திருக்குமே என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். பயோடேட்டாவில் ஒரு வருட இடைவெளி இருந்தது. அதைக் கேட்டபோது மழுப்பவில்லை. "எனக்கு பைபோலார் இருக்கு சார். அந்த வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமா போச்சு. இப்போ மாத்திரையில் நிலையா இருக்கேன்" என்றார். பைபோலார் என்றால் மனநிலை அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்.

கூட்டாளி அன்றைக்கே வேண்டாம் என்றுவிட்டார். "திறமை இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ரிட்டர்ன் தாக்கல் பண்ற வாரத்துல படுத்துட்டா யார் பொறுப்பு?" என்கிறார். எனக்கு அவரை எடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் எனக்கு அப்படித் தோன்றுகிறது என்பதை மட்டும் வைத்துக் கூட்டாளியிடம் பேச முடியாது. இப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைத்தவர்களும், இந்த நோயோடு வேலை பார்ப்பவர்களும் கொஞ்சம் பேசுங்கள்.

பட்டறைக்காரன்

உங்கள் கூட்டாளி கேட்பதில் நியாயம் இருக்கிறது சார். நான் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்குகிறவன். பெரிய கம்பெனியில் ஒருத்தர் வராவிட்டால் இன்னொருத்தரை உட்கார வைப்பார்கள். நம்மிடம் அந்த ஆள் கிடையாது. ஒருத்தர் ஒரு மாதம் வராவிட்டால் அவர் வேலையை மற்றவர்கள் தலையில்தான் கட்ட வேண்டும். பிரசவ விடுப்பு என்றால் முன்கூட்டியே தெரியும், ஏற்பாடு செய்யலாம். இது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

மனநோய் உள்ளவர்களை நான் மட்டமாக நினைக்கவில்லை. என் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். ஆனாலும் சம்பளம் கொடுக்கிற இடத்தில் இருந்து பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது.

நடுமேசை

ஹெச்.ஆரில் வெகுகாலம் இருக்கிறேன். பட்டறைக்காரன் சார் பயத்தை வெளியே சொல்கிறார், அதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் சொல்ல மாட்டார்கள். நிராகரித்த காரணம் என்று குறிப்பில் எழுதும்போது "டீமோடு ஒத்துப்போவது கடினம்", "அழுத்தம் தாங்குவாரா என்பது சந்தேகம்" என்று வரும். நோயின் பெயர் எங்கேயும் இருக்காது. 2016இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. கற்பனையான விண்ணப்பங்களை நிஜ நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தகுதியில் வித்தியாசம் இல்லை. வேலையில் இடைவெளி விழுந்ததற்கு உடல்காயம் காரணம் என்று சிலவற்றில், மனநோய் காரணம் என்று சிலவற்றில். மனநோய் என்று போட்டவற்றுக்கு அழைப்பு குறைவாக வந்தது. அந்த ஆளை யாரும் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

சார், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உழைக்கும் வயதில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. உங்களிடம் இருக்கும் பதினைந்து பேரில் சராசரிப்படி இரண்டு பேர். அவர்கள் உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுக்க ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் வீணாவதாக அதே நிறுவனம் சொல்கிறது. ஆக, இதை வாசலிலேயே நிறுத்திவிட்டோம் என்று எந்த முதலாளியும் நிம்மதியாக இருக்க முடியாது. கணக்குப்பிள்ளை சார் சந்தித்த அந்த மனிதரிடம் மட்டும்தான் இதைப் பற்றி முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துகொள்ள வழி இருக்கிறது, ஏனென்றால் அவர் ஒருவர்தான் வாய்திறந்து சொல்லியிருக்கிறார்.

விடியல்நேரம்

எனக்கும் பைபோலார். லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் ஷிப்மென்ட்களை ஒருங்கிணைக்கிற வேலை பார்க்கிறேன். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதியதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்" என்றார் பட்டறைக்காரன் அண்ணா. எனக்குத் தெரியும் அண்ணா. பக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எனக்கு முதலில் போவது தூக்கம். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் வந்து உட்காருவேன். அடுத்து மெயில். நாலு வரியில் முடிய வேண்டிய மெயில் இரண்டு பக்கம் நீளும், நடுராத்திரியில் போகும், சம்பந்தமில்லாதவர்கள் எல்லோரும் காப்பியில் இருப்பார்கள். யாரும் கேட்காமலே புதிய வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்வேன். நோய் முற்றுவதற்குப் பல நாள் முன்னாலேயே இதெல்லாம் ஆரம்பித்துவிடும். சிக்கல் என்னவென்றால், அப்போது எனக்கு உடம்பு சரியில்லை என்று எனக்கே படாது. உலகமே தெளிவாக இருப்பது போலிருக்கும். முன்பிருந்த இடத்தில் மேனேஜர் அந்த வேகத்தைப் பார்த்துப் பாராட்டினார், இன்னும் வேலை கொடுத்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் போய் நின்றது.

இப்போதைய இடத்தில் சேர்ந்த பிறகு மேனேஜரிடம் சொன்னேன். அவர் நோயைப் பற்றித் தோண்டவில்லை. "எதைப் பார்த்தா நான் கவனிக்கணும்? பார்த்தா உங்ககிட்ட எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். நடுராத்திரி மெயில் தொடர்ந்து வந்தால் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நேராகச் சொல்லலாம். நான் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். போகாமல் தட்டிக்கழித்தால் என் அக்காவுக்கு போன் செய்ய அவருக்கு என் அனுமதி உண்டு. இரவு ஷிஃப்ட் கிடையாது. பைபோலாரில் தூக்கம் கலைந்தால் எல்லாமே கலையும், அதனால் அது சலுகை என்பதைவிடச் சிகிச்சையின் ஒரு பகுதி. நான் சாப்பிடும் லித்தியம் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற நாளில் தாமதமாக வருவேன். தினமும் கிளம்புவதற்கு முன்னால், எந்த ஷிப்மென்ட் எங்கே நிற்கிறது, யாரிடம் பதில் வர வேண்டும் என்பதைப் பொது ஷீட்டில் எழுதிவிட்டுத்தான் போவேன். நாளைக்கு நான் வராவிட்டாலும் வேறு யாரும் அங்கிருந்து எடுத்துச் செய்யலாம்.

அதற்குப் பிறகு ஒருமுறை விடுப்பில் போக வேண்டியும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் ஆஸ்பத்திரி வரை போகவில்லை, வேலையும் தேங்கவில்லை. அந்த ஷீட் எனக்காக வந்தது. இப்போது டீம் முழுக்க எழுதுகிறது.

பட்டறைக்காரன்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு நல்ல மேனேஜர் அமைந்தார். ஆனால் என்னுடையது மெஷின் வேலை. மாத்திரை போட்டுக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் கை மாட்டிக்கொண்டால்? இன்னொன்று, மற்ற தொழிலாளிகள் பயப்படுகிறார்கள். திடீரென்று யாரையாவது அடித்துவிட்டால் என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?

வழித்துணை

மனநோய் உள்ளவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்து, சேர்ந்த பிறகும் கூட நிற்பதுதான் என் தொழில். இந்த இரண்டு கேள்வியும் எல்லா முதலாளிகளும் கேட்பவை. அடிப்பார்களா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதுதான் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. உங்கள் தொழிலாளிகளின் பயத்தை வகுப்பு எடுத்துப் போக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயதுவந்தவர்களின் மனத்தைப் பாடம் சொல்வதைவிட, அப்படிப்பட்ட ஒருவரோடு நேரில் பழகுவதுதான் அதிகம் மாற்றுகிறது என்பது இந்தத் துறை ஆய்வுகளின் முடிவு. என் அனுபவமும் அதுதான்.

மெஷின் கேள்வி வேறு. அதைத் தள்ளிவிடக் கூடாது. சில மாத்திரைகள் காலையில் மந்தமாக்கும், குறிப்பாக ஆரம்பித்த புதிதிலும் அளவை மாற்றும்போதும். லித்தியம் சாப்பிடுபவருக்குக் கை லேசாக நடுங்கலாம். அவர் வெயிலில், உலைக்குப் பக்கத்தில் வேர்த்துக் கொட்டி வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் விட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும், அது ஆபத்து. ஆகவே கேட்க வேண்டியது இந்த மெஷினில் இந்த நேரத்தில் இவரால் பாதுகாப்பாக நிற்க முடியுமா என்பதை. அதை இவரிடம் மட்டும் கேட்காதீர்கள். சளிக்கு மாத்திரை போட்டுவிட்டு வருகிறவருக்கும், இரவெல்லாம் கண்விழித்துவிட்டு வருகிறவருக்கும் அதே கேள்வி உண்டு. மந்தம் காலையில் என்றால் ஷிஃப்ட்டைத் தள்ளலாம், அல்லது அந்தச் சில வாரம் பேக்கிங்கில் போடலாம்.

இன்னொரு விஷயம். முதலில் தனியாக ஒரு பட்டறையில் வைத்துப் பயிற்சி கொடுப்போம், தயாரானதும் வேலைக்கு அனுப்புவோம் என்பதுதான் பழைய வழி. பலர் அந்தப் பயிற்சியிலேயே வருடக்கணக்கில் நின்றுபோனார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் இதைத் தலைகீழாக்கினார்கள். வேலை செய்ய விரும்பும் எவருக்கும், தயாரா என்று சோதிக்காமல், உடனே நிஜச் சம்பளம் உள்ள நிஜ வேலையைத் தேடித் தர வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு, தேவைப்படும் வரை ஆதரவாளர் ஒருவர் அவரோடும் முதலாளியோடும் தொடர்பில் இருக்க வேண்டும். இது எல்லா இடத்திலும் எடுபடுமா என்று லண்டன், உல்ம், ரிமினி, சூரிச், குரோனிங்கன், சோஃபியா ஆகிய ஆறு ஐரோப்பிய நகரங்களில் சோதித்தார்கள். தீவிர மனநோய் உள்ள 312 பேர். 2007இல் முடிவு வந்தது. இந்த வழியில் போனவர்களில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள், பழைய வழியில் 28 சதவீதம். வேலையின் அழுத்தம் நோயைக் கிளறிவிடும் என்று எல்லோரும் பயந்தார்களே, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் பழைய வழியில்தான் அதிகம்: அங்கே 31 சதவீதம், இங்கே 20.

முதலாளிகளுக்கு இதில் முக்கியமானது அந்த ஆதரவாளர்தான். ஏதாவது என்றால் போன் செய்ய ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூத்தவள்

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பயப்படுகிற முதலாளி ஒரு வகை. பரிதாபப்பட்டு வேலை கொடுக்கிறவர் இன்னொரு வகை. என் தம்பிக்கு மனச்சிதைவு. பொறியியல் படித்தவன். ஒரு நிறுவனம் பெரிய மனதோடு சேர்த்துக்கொண்டது. கொடுத்த வேலை பழைய கோப்புகளில் லேபிள் ஒட்டுவது. ஒட்டி முடித்தான். கொஞ்ச நாள் கழித்து அந்த லேபிள்களைப் பிரித்து வேறு நிறத்தில் ஒட்டச் சொன்னார்கள். அந்தக் கோப்புகளை யாரும் திறப்பதே இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அக்கா, அவங்க எனக்குச் சம்பளம் தரல, என்னை உட்கார வச்சதுக்கு வாடகை தராங்க" என்றான். அடுத்த வாரம் போகவில்லை. அந்த அதிகாரி எனக்கு போன் செய்து, "நாங்க எவ்வளவோ முயற்சி பண்ணோம், அவரால முடியல" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறான். சேரும்போது குளோசாபின் என்ற மாத்திரை ஆரம்பித்த நேரம். அதற்கு ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை உண்டு, வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க. அந்தக் காலைகளை விட்டுக்கொடுத்தார்கள். மற்ற நாளிலும் பதினொரு மணிக்குத்தான் வருவான், மாலையில் அதைச் சரிக்கட்டுவான். குரல்கள் கேட்கிற நாளில் ஹெட்போன் மாட்டிக்கொள்வான். ஆனால் அவன் எழுதுகிற பக் ரிப்போர்ட்டில் குறை இருந்தால் லீட் மற்றவர்களிடம் கேட்பது போலவே அவனிடமும் கேட்பார். அதைத்தான் அவன் பெருமையாகச் சொல்வான்.

கணக்குப்பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. கூட்டாளிக்கு இழையை அனுப்பினேன். விடியல்நேரம் எழுதியதைப் படித்துவிட்டு, "தாக்கல் வாரத்துல நான் படுத்துட்டாலும் நம்மகிட்ட ஏற்பாடு ஒண்ணும் இல்லையே" என்றார். போன வருடம் அவருக்கு டெங்கு வந்தபோது பட்ட பாடு ஞாபகம் வந்திருக்கும்.

இப்போது இரண்டு கேள்வி. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிவரச் சொல்லலாமா? அலுவலகத்தில் மற்றவர்களிடம் என்ன சொல்வது?

நடுமேசை

சான்றிதழ்: புதிதாகச் சேரும் எல்லோரிடமும் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்குவது உங்கள் வழக்கம் என்றால் இவரிடமும் வாங்குங்கள். இவரிடம் மட்டும் கேட்டால் அது பாரபட்சம். வாங்கினாலும் "இந்த வேலைக்குத் தகுதி உண்டு, இன்ன இன்ன வசதி தேவை" என்பது போதும். நோயின் பெயரும் மாத்திரைப் பட்டியலும் உங்களுக்கு வேண்டாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். ஆனால் பல நாடுகளில் போக்கு ஒன்றுதான். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு வேலை செய்யும் உரிமையைச் சொல்கிறது, நீண்டகால மனநலப் பாதிப்பு உள்ளவர்களும் அதில் அடக்கம். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வேலை தருகிறேன் என்று சொல்வதற்கு முன்னால் நோய் உண்டா என்ற கேள்வியே கேட்கக் கூடாது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகை இயலாமைகளில் மனநோயும் ஒன்று. சம வாய்ப்புக் கொள்கை வகுப்பதைத் தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்தே அது சொல்கிறது. சிங்கப்பூரில் 2025இல் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டம் மனநல நிலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இன்னமும் விண்ணப்பப் படிவத்தில் "உங்களுக்கு மனநோய் இருந்ததுண்டா?" என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கும் நிறுவனங்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்தக் கட்டத்தால் உண்மை வெளியே வராது. எல்லோரும் "இல்லை" என்று எழுதக் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

விடியல்நேரம்

மற்றவர்களிடம் எதுவும் சொல்லாதீர்கள் சார். அவர் உங்கள் இருவரிடம் சொன்னார், அலுவலகத்திடம் சொல்லவில்லை. "இவர் பத்து மணிக்கு வருவார், எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்" என்பதோடு நிறுத்துங்கள். பிறகு அவரே யாரிடமாவது சொல்ல விரும்பினால் அது அவர் பாடு.

ஏட்டுச்சுவடி

வரலாற்றிலிருந்து இரண்டு பேர். 1972இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக தாமஸ் ஈகிள்டன் அறிவிக்கப்பட்டார். மனச்சோர்வுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தவர், மின்னதிர்வுச் சிகிச்சை பெற்றவர் என்று வெளியே வந்ததால், வேட்பாளரான 18 நாளில் விலக வேண்டியதாயிற்று. ஆனால் அதே மனிதர் 1987 வரை செனட்டராக இருந்தார். அந்த வேலையை அவரால் செய்ய முடிந்தது.

1998இல் நார்வேயின் பிரதமர் ஷெல் மாக்னே பொன்டேவிக் தனக்கு மனச்சோர்வு என்று மக்களிடமே சொல்லிவிட்டு விடுப்பில் போனார். அவருடைய அமைச்சர்களில் ஒருவரான அன்னே எங்கர் லான்ஸ்டைன் பிரதமர் பொறுப்பில் இருந்தார். சில வாரத்தில் பிரதமர் திரும்பி வந்தார். 2001இல் மறுபடியும் பிரதமரானார். ஒரு நாட்டு நிர்வாகத்துக்கே மாற்று ஆள் ஏற்பாடு செய்ய முடிந்திருக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயாவின் தாக்கல் வாரத்துக்கும் முடியும் என்றே நம்புகிறேன்.

பட்டறைக்காரன்

சரி, நேராகவே கேட்கிறேன். எடுத்துவிட்டேன், ஏற்பாடெல்லாம் செய்துவிட்டேன், அப்படியும் வேலை நடக்கவில்லை. அப்போது நான் அனுப்பலாமா? இல்லை, நோய் என்பதால் கட்டிப்போட்டதாகிவிடுமா? இந்தப் பயத்தில்தான் பலர் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்கிறோம்.

வழித்துணை

அனுப்பலாம் அண்ணா. வேலையின் தரம் எல்லோருக்கும் ஒன்றுதான். நேரம், இடம், முறை இவற்றில் நியாயமான மாற்றம் செய்து பார்த்தீர்களா என்பதுதான் வித்தியாசம். அந்த மாற்றங்களுக்குப் பெரும் செலவாகும் என்ற நினைப்பும் தப்பு. அமெரிக்காவில் 1983 முதல் இதற்கே ஆலோசனை தரும் ஜாப் அகாமடேஷன் நெட்வொர்க் என்ற சேவை இருக்கிறது. அவர்கள் முதலாளிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டதில், ஏறத்தாழ பாதி மாற்றங்களுக்குச் செலவே இல்லை. மனநலத்தில் இன்னும் எளிது. வருகிற நேரம், எழுத்தில் தருகிற வேலைக்குறிப்பு, கொஞ்சம் சத்தமில்லாத இடம்.

மாற்றத்தைச் செய்து, நியாயமான காலம் கொடுத்து, குறையை அவரிடம் நேராகச் சொல்லி, அப்படியும் ஆகவில்லை என்றால் மற்றவர்களுக்கு என்ன நடைமுறையோ அதுவே இவருக்கும். நான் பார்த்த பல இடங்களில் குளறுபடி ஆவது நடுவில்தான். மனம் புண்படும் என்று மாதக்கணக்கில் குறையே சொல்லாமல் இருப்பார்கள். பிறகு ஒருநாள் மொத்தமாகக் கொட்டி வெளியே அனுப்புவார்கள். அந்த மனிதருக்குத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பும் கிடைத்திருக்காது.

பட்டறைக்காரன்

தங்கச்சி எழுதி வைத்திருக்கும் அந்த ஒரு பக்கம் மாதிரி எனக்கும் வேண்டும். என்னிடம் இருக்கும் அந்த இரண்டு பேரும் யார் என்று எனக்குத் தெரியாதே, அதனால் எல்லோருக்கும் சேர்த்தே ஒன்று போட்டுப் பார்க்கிறேன். அதில் என்னென்ன கேட்க வேண்டும்?

விடியல்நேரம்

எல்லோருக்கும் என்றால் இன்னும் நல்லது அண்ணா, யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். நிரப்புவது கட்டாயம் இல்லை என்று மேலே பெரிதாக எழுதிவிடுங்கள். நிரப்பியதை நீங்கள் மட்டும் பூட்டி வையுங்கள், சூப்பர்வைசரிடம் கொடுக்காதீர்கள்.

நோயைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். எந்த நேரத்தில் நன்றாக வேலை ஓடும், எந்த ஷிஃப்ட் ஒத்துக்கொள்ளாது என்று கேளுங்கள். உடம்போ மனசோ சரியில்லாமல் போவதற்கு முன்னால் மற்றவர் கண்ணுக்கு என்ன தெரியும், தெரிந்தால் யார் வந்து சொல்ல வேண்டும், எப்படிச் சொன்னால் கோபம் வராது என்று கேளுங்கள். பத்துப் பேர் முன்னால் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன், தனியாகச் சொன்னால் கேட்பேன். அது என் பக்கத்தில் எழுதியிருக்கிறது. வீட்டில் யாருக்குத் தகவல் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்று இரண்டையும் கேளுங்கள். சிலருக்கு அந்த இரண்டாவதுதான் முக்கியம். ஆள் வராத நாளில் அவர் வேலையை யார் எடுப்பது என்பதை அவரோடு சேர்ந்து நீங்கள் முடிவு செய்யுங்கள், அதைக் கேள்வியாகப் போட்டு அவர் தலையில் கட்ட வேண்டாம்.

விடுப்பு முடிந்து திரும்பி வரும் வாரத்துக்கும் அதில் இடம் விடுங்கள். எல்லா ஏற்பாட்டிலும் விட்டுப்போவது அதுதான். எனக்கு முதல் வாரம் அரை நாள். முதல் நாள் காலை மேனேஜர் என்னோடு உட்கார்ந்து, நான் இல்லாதபோது எந்த ஷிப்மென்ட் முடிந்தது, எது நிற்கிறது என்று அந்த ஷீட்டைப் பார்த்துச் சொல்லுவார். மற்றவர்கள் விசாரிக்க வருவதற்குள் கையில் ஒரு வேலை இருக்கும்.